முதலில் பேசுபவர்

“எனக்கு ஜொகூருக்கு மாத்தல் வந்திருக்கு,” என்றேன்.

பொய். ராவாங் தொழிற்சாலையில் என்னை அடுத்த மேசைக்குக்கூட யாரும் மாற்றவில்லை.

நண்டுக் காலைக் கடிக்கப் போன ஜீவன் அப்படியே நின்றான்.

ஜெராம் கடலோரக் கடை, ஞாயிறு மதியம். ஒன்பது வருடக் காதல். கோலா சிலாங்கூரில் ஏர்கோன் பழுதுபார்ப்பவன் அவன். ஊரில் எவ்வளவு மெல்லிய சத்தமானாலும் அவன் காதில் விழும், கல்யாணம் என்ற சொல்லைத் தவிர.

அதனால்தான் யூடியூப்பில் காதலுக்கு யோசனை சொல்லும் பெண்ணிடம் பாடம் படித்தேன். பஸ்ஸில், சாப்பாட்டு நேரத்தில், பல் தேய்க்கும்போதுகூட.

‘கல்யாணப் பேச்சை நீ எடுக்காதே. தூரத்துக்கு வேலை மாற்றல் என்று சொல். பிறகு வாயை மூடு. முதலில் பேசுபவர் தோற்பார்.’

மூடினேன்.

அவனும் மூடினான்.

நண்டு ஆறியது. பக்கத்து மேசைக்காரர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். வாயில் சோறு இருந்தாலும் பேச்சை நிறுத்தாதவன், நெற்றி வியர்க்க, உதட்டைக் கடித்துக்கொண்டு கடலைப் பார்த்தான்.

போயிட்டு வா என்று சொல்லிவிடுவானோ? ஒன்பது வருடத்தை நானே கெடுத்துக்கொண்டேனோ?

மாற்றலும் இல்லை ஒரு மண்ணும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவன் கைப்பேசி ஒலித்தது. கையெல்லாம் மசாலா. விரல் முட்டியால் ஸ்பீக்கரைத் தட்டினான்.

“டேய், மாத்தல்னு சொல்லிட்டாளா?” அவன் அம்மாவின் குரல்.

ஜீவன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

“தீபாவளிக்குப் படம் பாக்க எங்க டிவியில உன் யூடியூப் கணக்கத் திறந்தியே,” என்றான் மெதுவாக. “இன்னும் மூடல லா. நீ பாக்குறதெல்லாம் அங்க வருது. நானும் அம்மாவும் ஒன்னு விடாம பாத்துட்டோம்.”

“வாய மூடிக்கிட்டு இருந்தது போதும், கேட்டுத் தொலைடா,” என்றது கைப்பேசி. “இவன் தேறமாட்டான், விட்டுட்டுப் போயிடுன்னு அடுத்த வீடியோவுல சொல்லுது அந்தப் பொண்ணு.”

ஜீவன் மசாலாக் கையோடு என் கையைப் பிடித்தான்.

“கட்டிக்கிறியா, லோகேஸ்?”

தலையாட்டினேன்.

அந்த அடுத்த வீடியோவை நான் அதுவரை பார்த்திருக்கவில்லை.