என்டர் தட்டவும்

"எருமை மேல மழை பெய்ஞ்ச மாதிரி எல்லாரும் பார்த்துக்கிட்டே நில்லுங்க. மறுபடியும் நின்னுடுச்சா அந்தப் பாழாப்போன மிஷின்?"

சூப்பர்வைசரின் குரல் மாடிப்படியிலேயே கேட்டது. பேக்கிங் ஹாலில் வேலை செய்யும் பன்னிரண்டு பெண்களும் அவருக்கு வைத்த பெயர் சுடுதண்ணி.

லேபிள் அடிக்கும் மிஷின் மணிக்கு ஒரு தடவை நின்றுவிடும். கம்ப்யூட்டர் திரையில் 'எல்லாம் சரியா? என்டர் தட்டவும்' என்று வரும். அந்த என்டரை, முதலாளியை விட்டால் சுடுதண்ணி மட்டும்தான் தட்டலாம். அவரோ எப்போதும் மாடியில் இருப்பார். திட்டிக்கொண்டே ஆடி அசைந்து இறங்கி வர, முழுசாகப் பத்து நிமிஷம் ஆகும்.

மூலையில் உட்கார்ந்திருந்த புரோகிராமருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான். மூன்று மாசம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

"நிக்கிறது புரோகிராம். திட்டு மட்டும் அந்தப் பொம்பளைங்களுக்கா?" என்று முணுமுணுத்தபடி, பழைய ஆள் எழுதிவிட்டுப் போன ஸ்கிரிப்டைத் திறந்தாள்.

கோளாறு ஒரே ஒரு வரியில் இருந்தது. கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கையிலிருக்கிற வேலையையெல்லாம் போட்டுவிட்டு, 'ஆ'வென்று நின்றது ஸ்கிரிப்ட்.

அவள் மாற்றி எழுதினாள். இனிமேல் அது நிற்காது. யாராவது என்டரைத் தட்டினார்களா என்று போகிற போக்கில் ஒரு கண் பார்த்துக்கொள்ளும். தட்டினால் சரி. தட்டாவிட்டால் அதுபாட்டுக்கு லேபிள் அடித்துக்கொண்டே போகும்.

மறுநாள் மிஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மத்தியானம் முதலாளியே தன் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தார்.

"இத்தனை நாளா ஒருத்தனுக்கும் இது தோணலையே. சபாஷ்மா."

புரோகிராமர் பெருமையோடு பேக்கிங் மேஜைப் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு பேரில் ஒருத்தியும் நிமிரவில்லை. ஒரு அக்கா மட்டும், "நல்லா இருப்பீங்க" என்றாள். அது வாழ்த்து மாதிரி இல்லை.

அன்று பூராவும் சுடுதண்ணி மாடியை விட்டு இறங்கவில்லை. சாயங்காலம் எல்லாரும் கிளம்பும் நேரத்தில், காலி அட்டைப்பெட்டி அடுக்கும் அறைக்கு அவளைக் கூப்பிட்டார்.

"யாரைக் கேட்டு அதைச் சரி பண்ணீங்க?"

"நின்னாலும் திட்டுறீங்க, ஓடினாலும் திட்டுறீங்க. உங்களுக்கு என்னதான் சார் வேணும்?"

அவர் கதவைச் சாத்தினார். குரல் சட்டென்று இறங்கியது.

"ஹால்ல உங்க நாற்காலியைத் தவிர வேற ஒரு நாற்காலி பார்த்தீங்களா? எல்லாத்தையும் முதலாளி எடுத்துட்டார். நாள் பூரா நின்னபடியே பேக்கிங். அதுல ஒரு பொண்ணு ஆறு மாசம். நடுவுல கொஞ்சம் உட்கார விடுங்கன்னு நானும் கெஞ்சிப் பார்த்தேன். மிஷின் ஓடுறப்போ மனுஷங்க எதுக்கு உட்காரணும்னு கேட்டார்."

"அதனால?"

"அதனால மிஷினை நிறுத்திட்டேன். பழைய புரோகிராமரோட காலைப் பிடிக்காத குறையா எழுதி வாங்கின கேள்வி அது. நான் இறங்கி வர்ற வரைக்கும் பெட்டி மேல உட்கார்ந்துக்குவாங்க."

"அப்போ அந்தத் திட்டு?"

"நான் கத்தலைன்னா முதலாளி வந்து கத்துவார். அவர் வந்தா ரெண்டே நிமிஷத்துல என்டரைத் தட்டி ஓட விட்டுடுவார்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. திரும்பப் பழையபடி மாற்றினால் வாங்கின சபாஷ் போய்விடும். வேலையே போனாலும் போகலாம்.

அன்று அவள் அரைமணி நேரம் கழித்துத்தான் வீட்டுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் பத்து மணிக்கு மிஷின் நின்றது. திரையில் மறுபடியும் அதே கேள்வி.

முதலாளி கண்ணாடி அறையிலிருந்து பறந்து வந்து என்டரைத் தட்டினார். மிஷின் அசையவில்லை. ஓங்கித் தட்டினார். விட்டு விட்டுத் தட்டினார். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு தட்டையும் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. அவள் எழுதி வைத்த நேரம் முடிகிறவரை கண்டுகொள்ளத்தான் இல்லை.

"என்னம்மா இது? நேத்து நல்லாத்தானே ஓடுச்சு?"

"நான்தான் தப்பாத் திருத்திட்டேன் போலிருக்கு சார்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு இன்னும் பிடிபடலை."

அவருக்குப் பின்னால் பன்னிரண்டு பேரும் ஒவ்வொருத்தராகப் பெட்டிகள் மேல் உட்கார்ந்தார்கள்.

சுடுதண்ணி தடதடவென்று இறங்கி வந்தார்.

"இந்த அம்மாவுக்கெல்லாம் யார் சார் வேலை குடுத்தது?" என்று கூரை அதிரக் கத்தினார். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு தன் அறைக்குத் திரும்பினார்.

கீபோர்டைப் பார்க்கிற சாக்கில் சுடுதண்ணி அவள் பக்கம் குனிந்தார்.

"எத்தனை நிமிஷம் வச்சிருக்கீங்க?"

"பத்து சார்."

"பதினஞ்சாக்கிடுங்க. இன்னிக்கு நான் படியில வேகமா இறங்கிட்டேன், முட்டி வலிக்குது."