முன்சக்கரம்

என்ஜினை அணைத்து, பைக்கைத் தள்ளிக்கொண்டு அவன் கால்நடை மருத்துவமனைக்குள் நுழைந்தான்.

காவலாளி மறித்தார். "வண்டி வெளியதான் நிக்கணும் சார்."

"நாய்க்கு வேணும்ண்ணே."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் வழிவிட்டார்.

வேப்பமரத்தடியில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் மிக்சரின் தலை. கல்யாணமான கையோடு அவளுடன் அவன் வீட்டுக்கு வந்த நாய்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வந்ததிலிருந்து மிக்சருக்கு ஒரு பழக்கம். அவன் பைக்கின் முன்சக்கரத்தை நனைக்காமல் அதற்குப் பொழுது விடியாது. அவன் தினமும் கழுவினான். தினமும் கத்தினான்.

ஒரு நாள் கோபத்தில் வாசலுக்கு வெளியே கட்டிப்போட்டான்.

தெருநாய்கள் குதறிவிட்டன. காயம் சீழ்பிடித்து, விஷம் ரத்தத்தில் ஏறியது. உடல் சில்லிட்டது. சிறுநீர் நின்றது.

அவளும் அவனோடு பேசுவதை நிறுத்தினாள்.

டாக்டரம்மா மருந்தேற்றி ரத்த அழுத்தத்தை மீட்டார்.

"கிட்னி சாகலைங்க. தன்னைக் காப்பாத்திக்க வேலையைக் குறைச்சுக்கிட்டு ஒடுங்கிக் கிடக்கு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் திரும்பும்."

குழாய் வழியே சிறுநீர் சிறிது சிறிதாக வரத் தொடங்கியது. இன்று காலை குழாயை எடுத்தார்கள். இனி தானாகப் போனால் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம். இல்லையென்றால் என்று அவன் கேட்டபோது டாக்டரம்மா மிக்சரின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

வெயில் ஏறியும் மிக்சர் அசையவில்லை.

அவன் பைக்கை மரத்தடியில் நிறுத்தினான். முன்சக்கரத்தை நாயின் பக்கம் திருப்பினான்.

காத்திருந்தான்.

முதலில் மூக்கு அசைந்தது.

பிறகு ஒரு காது.

மிக்சர் அவள் மடியிலிருந்து எழுந்தது. தள்ளாடியது. தாங்கப் போனவளின் கை பாதியில் நின்றது. நாய் சக்கரத்தில் சாய்ந்து நின்று, காலைத் தூக்கப் பார்த்து, முடியாமல் மறுபடியும் பார்த்தது.

பின்னங்கால் தரையைவிட்டுக் கொஞ்சமே எழும்பியது.

சொட்டு.

இன்னொரு சொட்டு.

பிறகு, டயர் வழியே மண்ணுக்கு ஒரு கோடு.

அவன் கை வழக்கம்போல பைக்கிலிருந்த துணியை எடுத்துவிட்டது. குனிந்தான்.

"துடைக்காதீங்க."

அவள் குரல்.

அவன் துணியோடு நிமிர்ந்தான். அவள் கன்னமெல்லாம் ஈரம்.

பிறகு அதை அவளிடம் நீட்டினான். கிரீஸ் வாடை அடிக்கும் பழைய துணி.

அவள் வாங்கிக்கொண்டாள்.