க்ராஸுக்கு ஒரு சுலபப் பந்து

"அடப்பாவி, மறுபடியும் அதே வேகமா!"

டார்லீன் கையிலிருந்த ஹாட் டாக்கை மறந்து எழுந்தே விட்டாள்.

மட்டையோடு நின்றவர் வெண்டல் க்ராஸ். இந்த வருடத்தோடு ஓய்வு. இதுதான் அவருடைய கடைசி ஆல்-ஸ்டார் ஆட்டம். விடைபெறுகிறவருக்கு எதிரணிக்காரன் சுலபமாக ஒரு பந்து போடுவான், அவர் விளாசுவார், அரங்கம் கண்ணீரோடு கைதட்டும். பேஸ்பாலில் அதுதான் மரியாதை. ரூபியோ என்ற இந்தப் பொடியன் முதல் இரண்டு பந்துகளையும் மின்னலாக வீசியிருந்தான்; க்ராஸ் இரண்டையும் தவறவிட்டிருந்தார், மூன்றாவதும் தவறினால் அவுட்.

"வெறும் காட்சி ஆட்டம்! ஜெயிச்சா கோப்பையா தரப் போறாங்க? பெரிய மனுஷனை அவமானப்படுத்துறானே!"

"அவன் சரியாத்தான் போடறான்" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

"ஓ, உங்க பையனா? சொல்லி வளர்க்கக் கூடாதா?"

அவள் விரல்கள் முன்கம்பியை இறுக்கின.

ரூபியோ வீசினான். பந்து வந்ததே தெரியவில்லை. கையுறையில் அது வெடித்த சத்தம்தான் கேட்டது. க்ராஸின் மட்டை காற்றை வெட்டியது.

அவுட்!

டார்லீன் திட்ட வாயெடுத்தாள். அதற்குள் க்ராஸ் தலைக்கவசத்தைக் கழற்றி ரூபியோவுக்குத் தலைவணங்கினார். பொடியன் அழுதுகொண்டிருந்தான். அரங்கமே மூச்சடைத்து எழுந்து நின்றது.

க்ராஸ் நேராக இவர்கள் பக்கம் ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நோரீன், பாத்தியாடி பந்தை!"

"பார்த்தேன்" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி, கண்ணைத் துடைத்தபடி. "விட்டுக்கொடுத்தா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு காலையில அவனை மிரட்டினீங்களே, இப்ப சந்தோஷமா?"

"பின்னே? இந்தக் கிழவனை அவுட்டாக்க, அவன்கிட்ட இருந்த மொத்தத்தையும் போட வேண்டியிருந்துச்சேடி!"