கிளறினது போதும்

"போதும், கிளறாதீங்க! சொன்னா கேக்கவே மாட்டீங்களா?"

மனைவி போட்ட சத்தத்தில் பெயிண்டரின் கை நின்றது. டப்பாவில் இருந்த கறுப்புப் பசையில் கார்பன் நார்த் துண்டுகள், சலூனில் பெருக்கித் தள்ளிய முடி போலத் திட்டுத்திட்டாகக் கிடந்தன.

"இன்னும் கட்டி கட்டியா இருக்கும்மா. நாலு சுத்து சுத்துனா வழவழன்னு ஆயிடும்."

"அந்த நாலு சுத்துலதான் போன தடவை எல்லாம் குட்டிச்சுவராச்சு. நார் நொறுங்கித் தூளாயிடுச்சு. நீளமா இருந்தாத்தான் ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு நிக்கும், கரண்ட் போகும். இது என்ன, சுவருக்கு அடிக்கிற பெயிண்டா?"

காலமெல்லாம் சுவருக்கு அடித்தவர் அவர். கட்டி கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. அவளோ பெயிண்ட் ஆய்வகத்தில் பல வருஷம் குப்பை கொட்டியவள். மேலே ஒரு துளி கறுப்பு படாமல், மகாராணி மாதிரி மேஜை முன் உட்கார்ந்து அதிகாரம் பண்ணினாள். மேஜையில் டப்பா, மீட்டர், கழற்றி வைத்த அந்தச் சின்ன பீஸ், அவளுடைய போன்.

அவருக்கு அந்த அதிகாரம் பிடித்தே இருந்தது. நடுவில் கொஞ்ச காலம் அவள் வாயே திறக்கவில்லை. அப்போதுதான் அவர் பயந்துபோனார்.

"இந்தத் தடவையும் சொதப்புனா, செஞ்சவங்ககிட்டயே இந்த பீஸைத் திருப்பிக் கொடுத்துடுங்க. சும்மா அழகுக்கு வெச்சுக்க எனக்கு வேண்டாம்."

"அப்படிச் சொல்லாதே. இன்னிக்கு வந்துடும் பாரு."

பல்லைக் கடித்துக்கொண்டு அந்த பீஸில் கட்டியோடே பூசினார். நுனியில் தொடங்கி அடிவரைக்கும், இடைவெளி விழாமல். ஹேர் டிரையரால் உலர்த்தித் தொட்டுப் பார்த்தார். சொரசொரவென்று இருந்தது.

"இதை நான்தான் பூசினேன்னு வெளியில சொல்லிடாதே, மானம் போயிடும்."

"மானத்தை அப்புறம் பாத்துக்கலாம். மீட்டரை வைங்க."

ஒரு முனையை நுனியிலும் மறுமுனையை அடியிலும் வைத்தார். இதுவரை அசையாமல் கிடந்த முள் சடாரென்று எகிறியது.

"ஏறுதும்மா! ஏறுது!"

"மீட்டரை நம்பி நான் துள்ளிக் குதிக்க மாட்டேன். எடுத்த இடத்துலயே பொருத்திட்டு, போய் பிரஷ்ஷைக் கழுவுங்க. நீங்க என் மூஞ்சியையே பாத்துட்டு நின்னா எனக்குப் படபடன்னு வருது."

பொருத்திவிட்டு வெளியே வந்தார். தின்னரில் பிரஷ்ஷை முக்கினார். காது மட்டும் உள்ளேயே இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. வேலை செய்யவில்லையோ? மறுபடியும் பேசாமல் உட்கார்ந்துவிடுவாளோ?

சட்டைப் பையில் போன் அடித்தது.

'கான்ட்ராக்டராத்தான் இருக்கும். நேரங்காலமே கிடையாது இந்த மனுஷனுக்கு' என்று முணுமுணுத்தபடி, கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தார்.

திரையில் 'வீட்டம்மா' என்று இருந்தது. விபத்தில் இரண்டு கைகளும் போன பிறகு, இதுவரை தொடுதிரை கண்டுகொள்ளாத செயற்கைக் கையின் கறுப்பு விரலால் தானே தொட்டு அவள் போட்ட முதல் போன்!