நீலக்கதவின் முன் செருப்புகள்

பூங்காவின் தூங்குமூஞ்சி மரத்தைச் சுற்றி ஓவியப் பலகைகள் விசிறிமடிப்பாக நிறுத்தப்பட்டிருந்தன. பலகைகள் மறைப்பதால் பக்கத்தில் வரைபவரின் கால்கள் மட்டுமே தெரியும். விசில் ஊதினால் ஒவ்வொருவரும் வலப்புறப் பலகைக்கு நகர்ந்து, முன்னவர் விட்ட படத்தைத் தொடர வேண்டும் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை ஓவியக் கூட்டத்தின் வழக்கம். கணவனின் அடிக்கு அஞ்சி இவ்வூரில் ஒளிந்து வாழும் அமுதவல்லி, இலைகளினூடே விழுந்த வெயிலைக் கண்டதும் தன்னை மறந்து ஒரு நீலக்கதவை வரைந்தாள். அவள் விட்டோடி வந்த வீட்டின் கதவு அது.

ஒரு சுற்று முடிந்து தன் பலகைக்குத் திரும்பியபோது, கதவின் முன் ஆண் செருப்புகள் இரண்டு வரையப்பட்டிருந்தன. இடக்கால் செருப்பின் அறுந்த வார் சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. கணவனின் செருப்பில் அந்தத் தையலைப் போட்டவள் அவளேதான். தொட்டாள், ஈரச் சிவப்பு விரலில் ஒட்டியது. அப்படியானால் சற்றுமுன் இங்கே நின்று வரைந்தவன் இப்போது வலப்புறம் அடுத்த பலகையில் நிற்கிறான்.

விசில் ஒலித்தது.

"நகருங்கம்மா! நம்ம படம்னு ஒட்டிக்கிட்டே நின்னா எப்படி?" என்று ஒருங்கிணைப்பாளர் ஜெசிந்தா கத்த, கூட்டம் சிரித்தது.

அமுதவல்லி குனிந்து பார்த்தாள். பலகைகளுக்கு அடியில் எல்லாக் கால்களும் வலப்புறம் நகர்ந்தன. அடுத்த பலகையின் கீழிருந்த, செருப்பில்லாத இரு கால்கள் மட்டும் மெல்ல அவள் பக்கம் திரும்பின.