பச்சை விளக்கோடு வந்தவள்

ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் ஒரு செல் இருந்தது. அதன் வாசலில் ஓர் ஏற்பி காவல் நின்றது. சர்க்கரை வந்திருக்கிறது என்று சேதி வந்தால், கைநீட்டி வாங்கி உள்ளே சொல்வது அதன் வேலை. நேற்றிலிருந்து சேதியே இல்லை. உள்ளே எல்லாரும் பட்டினி கிடப்பார்களே என்று அது தவித்தது.

அப்போது, தனக்குக் குறித்த ஒன்றை மட்டும் தேடிப் பிடிக்கும் ஓர் எதிர்ப்பொருள் பச்சை விளக்கோடு மிதந்து வந்து, அதன் கையை இறுகப் பற்றிக்கொண்டது.

"வாம்மா, வா! சேதியைக் கொடு. உள்ளே பசியோடு இருக்கிறார்கள்."

"என்னிடம் ஏது சேதி ஐயா? நீ நிற்கும் இடத்தைக் காட்டத்தான் என்னை அனுப்பினார்கள்."

"யாருக்குக் காட்ட?"

"மேலே நுண்ணோக்கியில் குனிந்து பார்க்கிறவர்களுக்கு."

"அப்படியானால் கையை விடு. சேதி வந்தால் நான் வாங்க வேண்டும்."

"வாங்கி யாரிடம் கொடுப்பாய்? நேற்று உங்கள்மேல் ஒரு மருந்தை ஊற்றினார்களே, எல்லாரும் இருந்தவர் இருந்தபடியே உறைந்துபோகட்டும் என்று!"

ஏற்பி உள்ளே காதுகொடுத்துக் கேட்டது. ஒரு சின்ன அசைவுகூட இல்லை. கையை உதறப் பார்த்தது. கை வரவில்லை.

"அப்படியென்றால், நான்?"

எதிர்ப்பொருள் விளக்கைத் தூண்டிவிட்டது.

மேலேயிருந்து ஒரு குரல் மகிழ்ச்சியோடு சொன்னது: "இதோ, இருக்கிறது!"