ரெக்கார்டு நோட்டு

"ஏட்டி யுவராணி, ஒன் ரெக்கார்டு நோட்டக் குடு. இங்ஙனயே உக்காந்து எழுதிட்டுத் தந்துருதேன்."

ராஜபாளையத்துக் கல்லூரி விடுதியில், இந்த வாரம் நான்காவது முறையாக அறை வாசலில் வந்து நின்றாள் கேத்ரின்.

யுவராணிக்குக் கண் எரிந்தது. விடிந்தால் இன்டர்னல் தேர்வு, அதற்கடுத்த நாள் செமினார். எல்லோரும் பிளவக்கல் அணைக்குப் போனபோதும், கேத்ரின் பிறந்தநாள் கேக் வெட்டியபோதும், "படிக்கணும்" என்று கதவைச் சாத்திக்கொண்டவள் அவள். இதையாவது கொடுப்போமே என்று நோட்டை நீட்டினாள். 'காரியம் ஆகணும்னா மட்டும் வாரா' என்று மனதுக்குள் அலுத்துக்கொண்டாள்.

கேத்ரின் கட்டிலில் சம்மணமிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டே விடுதிக் கதையெல்லாம் அளந்தாள். யுவராணி தன்னையறியாமல் இரண்டு முறை சிரித்துவிட்டாள்.

மறுநாள் தேர்வு முடிந்து லேபுக்குப் போனபோது, சார் மேசைமேல் கேத்ரினின் ரெக்கார்டு கிடந்தது. புரட்டினாள். பரிசோதனைகள் அத்தனையும் முடிந்து, போன மாதத் தேதியில் கையெழுத்தும் ஆகியிருந்தது. பின்னாலேயே வந்து நின்ற கேத்ரினிடம் திரும்பினாள்.

"பொறவு என்னத்துக்குட்டி தெனமும் வந்து பாத்து எழுதுத?"

கேத்ரின் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "வேற எதுக்குக் கூப்பிட்டாலும் நீ கதவத் தொறக்க மாட்டேங்கியே."